மேகத்துளி 0 டிகிரியில் தானாக உறையாது

மேகத்தில் வெப்பநிலை 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனாலே நீர்த்துளிகள் தானாக உறைந்துவிடும், காற்றில் மிதக்கும் உயிர்த்துகள்களுக்கு அதில் பங்கே இல்லை என்று இங்கே பலர் பகிர்ந்திருக்கிறார்கள். மன்னிக்கவும், அது சரியல்ல.

தூய்மையான, மிகச் சிறிய மேகத்துளி ஏறக்குறைய −38 டிகிரி வரைகூட உறையாமல் திரவமாக இருக்கும். அதற்கு முன்பே உறைய வேண்டுமானால் நீர் மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கிக்கொள்ள ஒரு துகள் தேவை. கனிமத் தூசி பெரும்பாலும் −15க்குக் கீழேதான் நன்றாக வேலை செய்யும். ஆனால் இலைகளில் வாழும் சூடோமோனாஸ் சிரிஞ்சே என்ற பாக்டீரியா, தன் வெளிச்சவ்வில் உள்ள ஒரு புரதத்தால் −2 டிகிரி அளவிலேயே உறைதலைத் தொடங்கிவைக்கும். எனக்கு இன்றும் வியப்பாக இருக்கும் விஷயம் இது! செயற்கைப் பனி தயாரிப்பிலும் இதைப் பயன்படுத்துகிறார்கள். சில பூஞ்சைகளுக்கும் மகரந்தங்களுக்கும்கூட இந்தத் திறன் உண்டு.

நீங்களே சோதிக்கலாம். அலுமினியத் தாளில் மெல்லிதாக வாஸலின் தடவுங்கள். ஒரு பக்கம் காய்ச்சி வடித்த நீரைச் சிறுசிறு சொட்டுகளாக வையுங்கள்; மறுபக்கம் மக்கிய இலைகளை ஊறவைத்து வடிகட்டிய நீர். அப்புறம் தாளை உப்பு கலந்த ஐஸ் மீது வைத்து, பக்கத்தில் ஒரு வெப்பமானியும் வையுங்கள். உறையும் சொட்டு சட்டென்று வெள்ளையாக மங்கும். பொதுவாக இலை நீர்ச் சொட்டுகள்தான் முதலில் மங்கும். தூய நீர்ச் சொட்டுகள் பல, 0 டிகிரியைத் தாண்டி வெகுநேரம் தெளிவாகவே நிற்கும்.