உங்களுக்கு உறுத்தியது மீன் இல்லை, சாயா

ஞாயிற்றுக்கிழமை வீட்டுப் பின்னாடி என் வீட்டுக்காரர் மீன் கழுவ, நான் பக்கத்தில் உட்கார்ந்து சாயா குடிக்கிற படம் ஒன்றைப் போட்டிருந்தேன். அந்தப் படத்தைப் பற்றி இனி ஒரு வரி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். கீழே வந்த கருத்துகளுக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், தன்னால் அடங்கட்டும் என்று விட்டுவிட்டேன். நேற்று ராத்திரி அந்த ஆடியோ எங்கெங்கோ சுற்றி எனக்கே வந்து சேர்ந்தது. அனுப்பியவள் கூடப் படித்தவள். "இது உன்னைப் பத்திதானே பிள்ளே?" என்று கேட்டிருக்கிறாள். "ஆம்பிளைய மீன் களுவ வச்சிட்டு மகாராணி சாயா குடிச்சிட்டு இருக்கா பாத்துக்கோ, அவன் அம்ம இதைக் கண்டா நெஞ்சு வெடிச்சிரும்." குரல் யாருடையது என்று இங்கே இருக்கிற பாதிப் பேருக்குத் தெரியும். பெயர் சொல்ல மாட்டேன். மாமா, நீங்கள் இதை வாசிப்பீர்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

ஒரு ஆண் மீன் கழுவினான் என்பதா உங்களுக்குப் பிரச்சினை? அதை நான் நம்பவில்லை. நம்ம ஊரில் ஆண்கள் அடுப்புப் பக்கம் போவது புதுசா? ஒரு அடியந்திரம், வீட்டு விசேஷம் என்றால் முந்தின நாள் ராத்திரி பந்தலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து காய் வெட்டுவதும் தேங்காய் துருவுவதும் ஆண்கள்தானே? விடிய விடிய நின்று உருளியில் பிரதமன் பாயசம் கிண்டுகிற சமையல்காரர், தவசிப்பிள்ளை, ஆண்தானே? அதை யாராவது படம் பிடித்துக் குழுவில் போட்டுச் சிரித்தார்களா? நீங்களே மஸ்கட்டில் இருந்த காலத்தில் அறையில் முறை வைத்துச் சமைத்தவர். உங்கள் முறை வருகிற அன்று பக்கத்து அறைக்காரர்களும் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள் என்று, எங்கள் கல்யாண விருந்துக்கு வந்தபோது அவ்வளவு நேரம் பெருமையாகச் சொன்னீர்கள். நாங்களும் வாய் பிளந்து கேட்டோம். அங்கே நீங்கள் வைத்த கோழிக்கறி கெட்டிக்காரத்தனம், இங்கே என் வீட்டுக்காரர் கழுவின சாளை மீன் மானக்கேடு. இரண்டுக்கும் நடுவில் என்ன வித்தியாசம் என்று ராத்திரி முழுக்க யோசித்துப் பார்த்தேன். ஒன்றே ஒன்றுதான். மஸ்கட்டில் உங்கள் மனைவி, எங்கள் அத்தை, பக்கத்தில் இல்லை. இங்கே நான் பக்கத்தில் இருந்தேன், அதுவும் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

உங்களுக்கு உறுத்தியது அவர் கையில் இருந்த மீன் இல்லை, என் கையில் இருந்த சாயா. இதைத்தான் சொல்ல வந்தேன். நான் பக்கத்தில் நின்று இஞ்சியோ உள்ளியோ உரித்துக்கொண்டிருந்திருந்தால் அந்தப் படத்துக்கு எல்லோரும் கை தட்டியிருப்பீர்கள். 2024-இல் கேரளாவில் பள்ளிக்கூடம் திறந்தபோது மூன்றாம் வகுப்புப் புத்தகத்தில் அடுக்களையில் அப்பா தேங்காய் துருவுகிற படம் வந்ததே, அதை நம்ம குடும்பக் குழுவில் பகிர்ந்ததும் கட்டைவிரல் தூக்கிக் காட்டியதும் யார்? எல்லையில் இருக்கிற களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், கேரளாவில், படத்தில் நடந்தால் நல்ல காரியம், தக்கலையில் எங்கள் வீட்டுப் பின்னாடி நடந்தால் மட்டும் நெஞ்சு வெடிக்கும் என்றால் என்ன நியாயம்?

தெரியாதவர்களுக்காக எங்கள் வீட்டு நடப்பைச் சொல்கிறேன். நான் நாகர்கோவிலில் வேலை பார்க்கிறேன், அவர் மார்த்தாண்டத்தில். சாயங்காலம் வடசேரியில் பஸ் பிடித்து பார்வதிபுரம், சுங்கான்கடை, வில்லுக்குறி என்று ஊர்ந்து ஊர்ந்து நான் வருவேன், அந்தப் பக்கம் சுவாமியார்மடம், அழகியமண்டபம் நெரிசலில் மாட்டிக்கொண்டு அவர் வருவார். யார் முதலில் கதவைத் திறக்கிறார்களோ அவர் அரிசி போடுவார், இதற்கு நாங்கள் ஒப்பந்தம் எல்லாம் போடவில்லை, பசிக்கும் என்பதால் நடக்கிறது. வார நாளில் பெரிதாக ஒன்றும் கிடையாது. சம்பா அரிசிக் கஞ்சி, சிறுபயறு துவரன், ஒரு சம்மந்தி, சுட்ட பப்படம், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை வைத்த புளிமுளம் மீன்கறி மிச்சம் இருந்தால் திங்கள்கிழமை ராத்திரி அது அமிர்தம், அன்றைக்கு வேறு கறியே வேண்டாம். பாத்திரம் கழுவுவதில் சண்டை வரும், வராத வீடு உண்டா?

தேங்காய் வறுத்து வைக்கிற தீயல் கறி மட்டும் அவர்தான். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. தேங்காயைச் சின்னத் தீயில் வைத்துக் கிளறிக்கொண்டே நிற்க வேண்டும், வெள்ளை மாறிப் பொன்னிறமாகி, அதையும் தாண்டி நல்ல தவிட்டு நிறம் வருகிற அந்த நேரத்தில் மல்லியும் வற்றல்மிளகாயும் போட்டு இறக்கிவிட வேண்டும், போன் அடித்தது என்று ஒரு நொடி திரும்பினால் கறி முழுக்கக் கசந்துவிடும். அவர் திரும்ப மாட்டார். அந்தச் சட்டியை எட்டிப் பார்த்துக்கொண்டு மனுஷன் நிற்கிறதைப் பார்த்தால் வேறு எதுவும் உலகத்தில் நடக்காத மாதிரி இருக்கும். இதையெல்லாம் அவருக்குக் கற்றுக்கொடுத்தது யார்? நெஞ்சு வெடிக்கும் என்று சொன்னீர்களே, அந்த அம்மாதான். உங்கள் கூடப்பிறந்த அக்கா. மீன் கழுவுகிற கல்லுக்குப் பக்கத்தில் மகனை உட்காரவைத்து, சாளையின் செதிளை எந்தப் பக்கமாக உரச வேண்டும், குடலை எடுத்த பிறகு கல் உப்பு போட்டு எப்படிப் பிசைய வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவர். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கறியை இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டதும் அவர்தான். படத்தில் அவர் இல்லை, உள்ளே படுத்திருந்தார்.

என் அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும், சொல்லாமல் இருக்க முடியவில்லை. அம்மா அண்டி ஆபீசில், முந்திரித் தொழிற்சாலையில், கொட்டையைத் தல்லி உடைக்கிற வேலை பார்த்தவர். தோட்டிலிருந்து கசிகிற எண்ணெய் பட்டு விரல் எல்லாம் கறுத்துத் தோல் உரிந்திருக்கும், சாம்பலைத் தொட்டுத் தொட்டுத்தான் உடைப்பார்கள், அப்படியும் விடாது. அந்தக் கையோடு வந்து மரச்சீனிக் கிழங்கு அவித்து, மீன் வெட்டி, எங்களுக்குத் தலை பின்னி, பிறகு பாத்திரம். ஞாயிற்றுக்கிழமை என்றால் கூடுதல் வேலை, வாரத்துத் துணி எல்லாம் அன்றைக்குத்தான். அப்பா நல்லவர், குடிக்க மாட்டார், அடிக்க மாட்டார், திண்ணையில் பேப்பர் வாசிப்பார். அம்மா உட்கார்ந்து நான் பார்த்தது அண்டி ஆபீஸ் வாசலில் பஸ்சுக்குக் காத்திருக்கும்போதுதான். அப்புறம் கர்ப்பப்பை ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரிக் கட்டிலில். அன்றைக்கு எங்களுக்குப் பயமாக இருந்தது, அம்மா பிழைப்பாரா என்று, ஏனென்றால் பகல் நேரத்தில் அம்மா படுத்து நாங்கள் அதுவரை பார்த்ததே இல்லை. டாக்டரிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, எப்போது அடுக்களையில் நிற்கலாம் என்பது. நோய், பிரசவம், இந்த இரண்டுக்கும்தான் நம்ம வீடுகளில் பெண்ணுக்குப் படுக்க அனுமதி. உடம்பு நன்றாக இருக்கும்போது, வேறு காரணம் எதுவும் இல்லாமல், எனக்கு இப்போது உட்காரத் தோன்றுகிறது என்று ஒரு பெண் உட்கார்ந்தால் அவள் மகாராணி.

உன் அம்மா கதையை ஊர்க் கதையாக்காதே என்பீர்கள். 2024-இல் மத்திய அரசு நாடு முழுக்க எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இருக்கிறது. கூலி இல்லாத வீட்டுவேலையில் ஒரு பெண் ஒரு நாளைக்குச் செலவழிக்கிற நேரம் சராசரி 289 நிமிடம், ஆண் 88 நிமிடம். அதுவும் அன்றைக்கு வீட்டுவேலையில் கை வைத்தவர்களை மட்டும் எடுத்துப் பார்த்த கணக்கு, கையே வைக்காத ஆண்கள் அந்த 88-க்குள் வரவே மாட்டார்கள். 2011 கணக்கெடுப்பில் நம்ம கன்னியாகுமரி மாவட்டம் 91.75 சதவீதம் எழுத்தறிவு, தமிழ்நாட்டிலேயே முதலிடம் என்று நாம் சொல்லிக்கொள்ளாத மேடை உண்டா? படித்தோம், வேலைக்கும் போகிறோம், சம்பளம் கொண்டுவருகிறோம். அதில் யாருக்கும் உறுத்தல் இல்லை. மார்பை மறைக்கத் தோள்சீலை போடும் உரிமைக்காக அடிபட்டு, மிதிபட்டு 1859-இல் திருவிதாங்கூர் அரச உத்தரவையே வாங்கிய பெண்களின் மண் இது என்று மாமா பேசி நான் கேட்டிருக்கிறேன், கண் கலங்கக் கேட்டிருக்கிறேன். அந்த வாயால் இந்த ஆடியோ வந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

சரி, சொல்கிறவர்களுக்குப் பதில். வீட்டு விஷயத்தை எதற்கு வெளியே போட்டாய் என்று கேட்கிறார்கள். நீங்கள் போடுவதில்லையா? மனைவி வேர்த்து வடிந்து வைத்த பிரியாணியை "எங்க வீட்டுக் கைப்பக்குவம்" என்று போடும்போது அது வீட்டு விஷயம் இல்லையா? இதற்கு மேல் அந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது.

இன்னொருவர் அவருடைய நண்பர், மரியாதையாகத்தான் கேட்டார், "அப்படின்னா அவன் சும்மா இருக்கவே கூடாதா சிஸ்டர்?" என்று. இருக்கலாமே! சனிக்கிழமை பத்து மணி வரை அவர் தூங்குகிறார், நான் புட்டு அவித்து மூடி வைத்துவிட்டுத் துணியை மிஷினில் போடுகிறேன், பிறகு எழுந்து மட்டிப்பழத்தைப் பிசைந்து நிதானமாகச் சாப்பிடுவார். அதைப் படம் எடுத்துப் போட்டால் யாராவது ஆடியோ அனுப்புவார்களா? அந்தப் படத்தில் பார்ப்பதற்கு எதுவுமே இல்லை என்று கடந்துபோவீர்கள்.

மூன்றாவது ஒன்று என்னைக் கொஞ்சம் குத்தியது. "உனக்கு மாசச் சம்பளம், பிரிட்ஜ், மிக்ஸி எல்லாம் உண்டு, மீன் சுமந்து விற்கிறவளிடம் போய் ஓய்வைப் பற்றிப் பேசு பார்ப்போம்" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். தம்பி, அன்றைக்கு அந்தச் சாளையைக் கொண்டுவந்தவரும் அந்தப் படியில்தான் இருந்தார். ஏப்ரல் பாதியில் கிழக்குக் கரையில் தொடங்குகிற விசைப்படகுத் தடை, மேற்குக் கரையில் ஜூலை கடைசி வரை போகும். அவ்வளவு நாளும் மீனைத் தொட முடியாத விலை. இப்போது கொஞ்சம் இறங்கியிருக்கிறது, அதனால் நிறைய வாங்கினோம். குளச்சலில் விடியும் முன்னே ஏலம் எடுத்து, பஸ் ஏறி வந்து, வீடு வீடாக நடக்கிற பெண். மீன் சருவத்தை இறக்கி வைத்துவிட்டு, என் வீட்டுக்காரர் மீன் கழுவுவதைப் பார்த்தார். சிரிக்கவில்லை. "எனக்கும் ஒரு கிளாஸ் ஊத்து மக்ளே, கால் கடுக்குது" என்று என் பக்கத்தில் உட்கார்ந்தார். சும்மாட்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஊதி ஊதிக் குடித்தார். பிள்ளை படம் எடுத்தபோது அவர் கிளம்பிவிட்டிருந்தார். அவரைக் கேட்டால் உங்களை விட என்னைப் புரிந்துகொள்வார் என்பது என் நம்பிக்கை. அவருக்கு என்னை விட அதிகம் வேண்டும், அதற்காக எனக்கு வேண்டாம் என்று ஆகிவிடுமா?

இவ்வளவு எழுதினாலும் மாமாவின் ஆடியோவை விட என்னை வலிக்கவைத்தது அதன் கீழே வந்த சிரிப்புப் பொம்மைகள். யார் யார் போட்டது என்று வரிசையாகப் பார்த்தேன். முக்கால்வாசியும் பெண்கள். மைனி, நீங்கள் போட்டிருக்கிறீர்கள். கோயில் கொடைக்கு வந்தபோது முதுகுவலி தாங்காமல் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதீர்கள், இத்தனை பேருக்கு வடித்துக் கொட்டி ஒரு நாள் நிம்மதியாக இருந்ததில்லை என்று. அதை நான் யாரிடமாவது சொன்னேனா? சித்தி, நீங்கள் போட்டிருக்கிறீர்கள். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எங்களுக்குச் சோறு பொங்கிப் போட்டவர் நீங்கள், அம்மா உட்காராமலே காலத்தை முடித்தவர் என்பது என்னை விட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். "எங்க காலத்துல நாங்க இதைவிடப் பாடுபட்டோம்" என்றும் எழுதியிருக்கிறீர்கள். பட்டீர்கள், இல்லை என்று யார் சொன்னது? நீங்கள் பட்டதை நானும் பட்டால்தான் உங்கள் கணக்கு நேராகுமா? அந்தச் சிரிப்புப் பொம்மையைப் பார்த்ததிலிருந்து உங்களுக்குப் போன் செய்யக் கை வரவில்லை.

அவர் இதைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. ஆடியோவை ஒரு தடவை கேட்டார், போனைக் கவிழ்த்து வைத்தார். "விடு" என்றார். அவரால் விட முடிகிறது, ஏனென்றால் அவரைப் பாவம் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். திட்டு எல்லாம் எனக்குத்தான். மீன் கழுவினவர் பாவம், சாயா குடித்தவள் கெட்டவள். இதிலிருந்தே தெரியவில்லையா நான் சொல்ல வருவது?

வெள்ளிக்கிழமை மாமாவின் புது வீட்டுப் பால்காய்ச்சு. நாங்கள் வர மாட்டோம் என்று சிலர் பேசிக்கொள்வதாகக் கேள்விப்பட்டேன். இரண்டு பேரும் வருகிறோம், லீவு சொல்லியாகிவிட்டது. அவரை ஓரமாகக் கூப்பிட்டுப் புத்தி சொல்ல யாரும் மெனக்கெட வேண்டாம். சொல்ல இருப்பதை என்னிடம் சொல்லுங்கள், ஆடியோவில் இல்லாமல் முகத்தைப் பார்த்து.