பாரத்தை நிரப்பப் போவது யார்?

மலேசியாவில், பட்டர்வொர்த்தில் எங்கள் வட்டாரப் பிள்ளைகளுக்கு நடத்தும் டியூஷன் வகுப்புக்காக ஓர் இணையத்தளம் செய்துகொண்டிருக்கிறோம். பதிவுப் பாரத்தை அங்கேயே நிரப்பும்படி வைப்பதா, அச்செடுத்து எழுதித் தரும்படி பிடிஎஃப்பாகப் போடுவதா என்று வாட்ஸ்அப் குழுவில் மூன்று வாரமாகப் பேச்சு. என் கருத்தை இங்கே எழுதிவிடுகிறேன்.

பிடிஎஃப்பைப் போட்டுவிட்டு "இணையத்திலேயே பதியலாம்" என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன். போன வருடம் மகனுக்காக ஓர் இடத்தில் விண்ணப்பித்தேன். வீட்டில் பிரிண்டர் இல்லை. போட்டோஸ்டேட் கடைக்குப் போய் அச்செடுத்து, பேனாவால் எழுதி, கைப்பேசியில் படம் பிடித்து மின்னஞ்சலில் அனுப்பினேன். அங்கே யாரோ அதைப் பார்த்துக் கணினியில் தட்டியதில் அடையாள அட்டை எண்ணில் ஓர் இலக்கம் மாறிவிட்டது. இரண்டு தடவை அலைந்தேன். இணையப் பாரமாக இருந்திருந்தால், 12 இலக்கம் இருக்கிறதா, முதல் 6 இலக்கமும் பிறந்த தேதியும் ஒத்துப்போகிறதா என்று அந்த இடத்திலேயே சரிபார்க்க வைத்திருக்கலாம்.

அதனால் இணையப் பாரம்தான் முதலில் வேண்டும். ஆனால் அதை நம் ஆட்களை நினைத்துச் செய்ய வேண்டும். எத்தனை பாரங்களில் 'முதல் பெயர்', 'குடும்பப் பெயர்' என்று இரண்டு கட்டம்! நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் ஏது? அட்டையில் அப்பா பெயருக்கு முன்னால் 'மகன்', 'மகள்' என்பதற்காக உள்ள ஏ/எல், ஏ/பி-யை அப்படியே தட்டினால், நடுவிலுள்ள கோட்டைப் பார்த்து "தவறான எழுத்து" என்று சிவப்பில் காட்டுகிறது. வேறு வழியில்லாமல் அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டால், பிறகு அட்டையில் இருக்கும் பெயரோடு ஒத்துப்போகவில்லை என்கிறார்கள். பெயருக்கு ஒரே கட்டம், 'அடையாள அட்டையில் உள்ளபடி' என்று ஒரு வரி. போதும்.

அப்புறம், அட்டையின் படத்தை ஏற்றச் சொல்வது. தாளில் நகல் கொடுக்கும்போது குறுக்கே இரண்டு கோடு போட்டு, எதற்காக என்று எழுதிக் கொடுக்கும் பழக்கம் நமக்கு உண்டு. கைப்பேசியில் படம் அனுப்பும்போது அதை மறந்துவிடுகிறோம். வணிகத்துக்காக விவரம் வாங்குகிறவர்கள் தேவைக்கு மேல் கேட்கக் கூடாது என்கிறது 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். நாம் வணிகம் செய்யவில்லைதான். என்றாலும் வகுப்பில் சேர எண் போதும், படம் வேண்டாம்.

சரி, தாளே வேண்டாமா? வேண்டும். எங்கள் வகுப்பில் பாட்டி வளர்க்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தப் பாட்டிகளிடம் "லிங்க்கை அழுத்துங்கள்" என்று சொல்லிவிட்டு என்னால் நகர முடியாது. அவர்களுக்கான தாளை நாமே அச்செடுத்து வகுப்பு மேசையில் வைக்க வேண்டும். அந்தச் செலவு நம்முடையது. ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, எழுதியதை அவர்கள் முன்னாலேயே அதே இணையப் பாரத்தில் தட்டி, ஒரு முறை வாசித்துக் காட்ட வேண்டும். பட்டியலும் ஒன்றாகவே இருக்கும்.

சனிக்கிழமை காலை அந்த மேசையில் நான் உட்காருகிறேன். தமிழில் தட்டத் தெரிந்த இன்னொருவர் வந்தால் நல்லது.