கரணமும் போட்டோ ஷூட்டும்

தெரிந்தவர் வீட்டுப் பெண்ணின் பரதநாட்டிய அரங்கேற்ற அழைப்பிதழ் வந்தது. அட்டையில், ஒரு காலைப் பின்னால் தூக்கி நெற்றியைத் தொடுகிற மாதிரி படம். லலாடதிலகம் என்கிற கரணம். கீழே 'கரண போஸ்' என்று போட்டிருந்தார்கள். பெண்ணின் உழைப்பில் குறையே இல்லை. அந்தக் கால் அவ்வளவு தூரம் வர இடுப்பு எத்தனை வருடம் வலித்திருக்கும்! அந்த 'போஸ்' என்ற சொல்தான் உறுத்துகிறது.

ஆடற்கலையின் பழைய வடமொழி நூலான நாட்டிய சாஸ்திரத்தின் நான்காம் அத்தியாயத்தில் 108 கரணங்கள் வருகின்றன. கையும் காலும் இசைந்து இயங்குவதுதான் கரணம் என்கிறது அந்த நூல். பெயர்களையே பாருங்கள். ஹரிணப்லுதம் என்றால் மான் துள்ளல். துள்ளாத மானுக்கு அந்தப் பெயர் எதற்கு? முதல் கரணமான தலபுஷ்பபுடம் பார்க்க ரொம்ப சாது: இடப்பக்கம் பூ ஏந்துவது போல இரு கைகள், விலா லேசாகத் தாழும். அதற்கும் பாதம் அக்ரதலசஞ்சரம். குதிகாலைத் தூக்கி முன்பாதத்தில் நிற்பது. பெயரிலேயே சஞ்சாரம் இருக்கிறதே!

குழப்பத்துக்குக் காரணம் கோயில்கள்தான் என்று நினைக்கிறேன். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல்தளத்தில் 81 கரணங்களைச் சிவனே ஆடுகிறார். மீதி 27 கற்கள் செதுக்காமலே நிற்கின்றன. சிதம்பரத்துக் கோபுர வாசல்களில் ஆடுவது பெண்கள். கீழைக் கோபுரத்திலும் மேலைக் கோபுரத்திலும் நாட்டிய சாஸ்திர சுலோகங்களையும் கிரந்த எழுத்தில் பொறித்திருக்கிறார்கள். ஆனால் கல்லில் ஒரு கணம்தானே நிற்கும்? ஒரு சிற்பி தொடக்கத்தைப் பிடித்திருப்பார், இன்னொருவர் முடிவை. நாம் அந்த ஒரு கணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கேமராவுக்கு முன்னால் நிற்கிறோம்.

நாட்டியக் கலைஞர் பத்மா சுப்ரமணியம் கரணங்களை அசைவுகளாகவே மீட்டு ஆடிக்காட்டினார். அவர் ஆடியதுதான் பழைய ஆட்டம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். எந்த வேகம், எங்கே நிறுத்தம் என்பதெல்லாம் சுலோகத்தில் இல்லை. ஆடுகிறவர் ஊகித்துத்தான் ஆக வேண்டும். ஆனால் இது அசைவு என்று அவர் பிடித்த பிடி சரி. கரணங்களைக் கோத்தால்தான் அங்கஹாரம் என்கிற ஆட்டத் தொடர். நின்ற நிலைகளை எப்படிக் கோப்பது? பரதத்தின் அடிப்படை அசைவான அடவில் மட்டும் இதெல்லாம் நமக்குச் சொல்லாமலே தெரியும். நாட்டடவை யாரும் போஸ் என்பதில்லை.

சரி, அரங்கேற்றத்துக்குக் கட்டாயம் போவேன். அந்தக் காலை அவள் எப்படி இறக்குகிறாள் என்று பார்க்க வேண்டும்.