உதவி பெறும் பள்ளிக்கு உதவி கிடையாதாம்

கம்பெனிகள் சமூக நலனுக்குச் செலவிடும் சி.எஸ்.ஆர். பணத்தில் உதவி கேட்டுப் பள்ளிகள் நிரப்பும் அந்தப் படிவத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். தலைமையாசிரியர் வாட்ஸ்அப் குழுக்களில் அதுதான் ஓடுகிறது. ‘பள்ளி வகை’ என்ற இடத்தில் இரண்டே கட்டம்: அரசு, தனியார். அரசு உதவி பெறும் பள்ளி தனியாரில்தான் டிக் அடிக்க வேண்டும். அடித்தால் ‘தகுதியில்லை’. ரொம்ப நியாயம்!

உதவி பெறும் பள்ளியின் ஆசிரியர்களுக்கு அரசு சம்பளம் தருகிறது. பிள்ளைகளுக்குப் பாடநூலும் மதிய உணவும் தருகிறது. கட்டடமும் கழிவறையும் பள்ளியை நடத்தும் தனியார் நிர்வாகத்தின் தலையில். கட்டணமே வாங்காத தொடக்கப் பள்ளி நிர்வாகம் அதற்கு எங்கே போகும்? கழிவறைக் கதவுக்குக் கொண்டி இருக்காது, மேல்தொட்டியில் தண்ணீர் ஏறாது, பிள்ளைகள் வாளியில் சுமப்பார்கள். பீடி சுற்றுகிற வீட்டுப் பிள்ளைகள், கொத்து வேலைக்குப் போகிறவர் பிள்ளைகள். இவர்கள்தான் ‘தனியார்’.

‘சட்டம் அப்படி’ என்பார்கள். இல்லை. 2013 கம்பெனிகள் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் இருப்பது கல்வியை வளர்ப்பது என்றுதான். அரசுப் பள்ளிக்கு மட்டும் என்பது கம்பெனி தானாகப் போட்டுக்கொண்ட வேலி.

‘12ஏ, 80ஜி, சி.எஸ்.ஆர்-1 எங்கே?’ முதல் இரண்டும் வருமான வரிப் பதிவு, மூன்றாவது சி.எஸ்.ஆர். பணம் வாங்கப் பதிவு. அவை பணத்தைக் கையில் வாங்கிச் செலவழிக்கும் அமைப்புக்குத்தான். கம்பெனியே ஆள் வைத்து வேலையை முடித்துக் கொடுத்தால் பள்ளியிடம் எதற்கு அந்தக் காகிதம்?

‘சொத்து தாளாளருக்குப் போய்விடுமே?’ இது மட்டும் சரியான கேள்வி. சி.எஸ்.ஆர். பணத்தில் உருவாகும் சொத்து தனியாள் பெயரில் நிற்கக்கூடாது என்று 2021 விதியே இருக்கிறது. அதனால் இடம் தாளாளர் பெயரில் இருந்தால் புது வகுப்பறை கேட்காதீர்கள், பழுதுபார்க்கக் கேளுங்கள். எஸ்டிமேட்டில் ‘டாய்லெட் பிளாக்’ என்று ஒரே வரியில் எழுதினால் புதுக் கட்டுமானம் என்று தள்ளிவிடுவார்கள். செப்டிக் டேங்க் சுத்தம், குழாய் மாற்றுவது, கதவு, ஓடு மாற்றுவது என்று ஒவ்வொன்றையும் தனி வரியில், தனித் தொகையோடு போடுங்கள்.

கம்பெனியை மட்டும் சொல்லி என்ன? அரசின் காலை உணவுத் திட்டம் அரசுப் பள்ளிக்கு 2022-இல் வந்தது. ஊரக உதவி பெறும் பள்ளிக்கு 2024 ஜூலையில், நகரத்தில் 2025 ஆகஸ்டில். அதுவரை அந்தப் பிள்ளைகளுக்குக் காலையில் பசிக்கவில்லை போலிருக்கிறது! அரசுப் பள்ளி மாணவர்களுக்கு என்று 2020-இல் வந்த மருத்துவப் படிப்புக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டிலும் உதவி பெறும் பள்ளிக்கு இடமில்லை.

‘அப்படியானால் அரசுப் பள்ளியில் சேர்க்க வேண்டியதுதானே’ என்று கமென்டில் வரப்போகும் புத்திசாலிகளுக்கு: நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் வந்து பாருங்கள். பல ஊர்களில் இருக்கிற ஒரே தொடக்கப் பள்ளியே உதவி பெறும் பள்ளிதான். ஐந்து வயதுப் பிள்ளையைப் பக்கத்து ஊருக்கு அனுப்ப வேன் வாடகை யார் தருவது, நீங்களா?