வேர்ப் பூஞ்சைகள் ஒரே குடும்பம் அல்ல

செடிகளின் வேரோடு கூட்டாக வாழும் வேர்ப் பூஞ்சைகள் எல்லாம் ஒரே குடும்பம் என்று ஒரு கட்டுரையில் வரி வருகிறது. அது சரியில்லை. சோளம், வெங்காயம், தக்காளி வேருக்குள் புகுந்து பாஸ்பரஸ் எடுத்துக் கொடுப்பவை (நாம் உரக்கடையில் 'வேம்' என்று வாங்குவது) குளோமெரோமைக்கோட்டா என்ற பூஞ்சை வகை. முன்பு இவற்றை ரொட்டிப் பூஞ்சணத்தோடு சேர்த்தே வைத்திருந்தார்கள். மரபணுவைப் பார்த்த பிறகு, 2001-ல்தான் தனித் தொகுதி (பூஞ்சை வகைப்பாட்டில் ஒரு பெரும் பிரிவு) ஆக்கினார்கள். 2016-ல் வந்த இன்னொரு வகைப்பாடு அதைத் துணைத்தொகுதியாக இறக்கிவிட்டது, அது வேறு கதை. பைன் மர வேரை உறைபோல் மூடுபவை பெரும்பாலும் காளான் இனத்தவை. மட்கு தின்ற முன்னோரிடமிருந்து பல முறை, தனித்தனியாகத் தோன்றியவை. அப்புறம், ஸ்காட்லாந்தில் ரைனி என்ற ஊரின் புதைபடிவப் பாறையில் சுமார் 40 கோடி ஆண்டுப் பழைய செடியின் தண்டுக்குள்ளேயே, முதலில் சொன்ன 'வேம்' வகைப் பூஞ்சை இருக்கிறது. அந்தச் செடிக்கு வேரே கிடையாது!