ரெசிடென்சி ஓடிப்போகும், சார்

அமெரிக்காவில் ரெசிடென்சி எனும் மருத்துவமனைப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும் நம் மருத்துவர்களுக்காகப் போன ஞாயிற்றுக்கிழமை நடந்த வழிகாட்டல் கூட்டத்தில் நடந்ததைப் பெரும்பாலும் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அந்தச் சின்ன வீடியோவை எனக்கே ஐந்து பேர் அனுப்பிவிட்டார்கள். கர்ப்பிணி ஒருத்தி, இந்த வருடம் விண்ணப்பம் போடுவது பற்றிக் கை உயர்த்திக் கேள்வி கேட்டாள். அதற்கு, கூட்டத்தில் விளக்கம் தந்த சீனியர் டாக்டர், "முதல்ல நல்லபடியா பிரசவத்தைப் பாருங்கம்மா, ரெசிடென்சி எங்கயும் ஓடிப்போயிடாது" என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள். உடனே அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். அந்தப் பெண் மைக்கை அணைத்த வேகத்தைப் பார்த்தீர்களா? எனக்கு அதுதான் மூன்று நாளாகக் கண்ணிலேயே நிற்கிறது.

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். அவர் கெட்டவர் இல்லை, நிறையப் பேருக்கு உதவியிருக்கிறார், அது எனக்கும் தெரியும். ஆனால் "அக்கறையாத்தானே சொன்னார்" என்று வரிசையாக ஆட்கள் கிளம்பிய பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

ரெசிடென்சி ஓடிப்போகும், சார். அமெரிக்காவில் வெளிநாட்டில் படித்த மருத்துவருக்கு ரெசிடென்சியைப் போல ஓடிப்போகிற பொருள் வேறு இல்லை. மருத்துவர்களையும் பயிற்சி இடங்களையும் பொருத்தும் மேட்ச் வருடத்துக்கு ஒரு முறைதான். செப்டம்பரில் விண்ணப்பம், மார்ச்சில் முடிவு, ஜூலையில் வேலை. ஒரு செப்டம்பரைத் தவறவிட்டால் ஒரு முழு வருடம் போச்சு. பட்டம் வாங்கி ஐந்து வருடம் தாண்டினால் பயிற்சி தரும் நிறைய ப்ரோகிராம்கள் விண்ணப்பத்தைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை, சில இடங்களில் மூன்று வருடம்தான் கணக்கு. வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்குக் கட்டாயமான ஈசிஎஃப்எம்ஜி சான்றிதழுக்கான தேர்வுகளை ஏழு வருடத்துக்குள் முடிக்க வேண்டும். கிளினிக்கல் அனுபவம் சமீபத்தியதாக இருக்க வேண்டும், பரிந்துரைக் கடிதம் புதிதாக இருக்க வேண்டும். இதெல்லாம் அவருக்குத் தெரியாதா? அதே கூட்டத்தின் முதல் அரை மணி நேரம் அவர் விளக்கியதே இதைத்தானே! "கேப் விழாம பாத்துக்கோங்க, கேப் விழுந்தா அவ்வளவுதான்" என்று எல்லோருக்கும் சொன்னவர், ஒரு கர்ப்பிணி எழுந்து கேட்டதும் காலமே நின்றுவிட்டது போலப் பேசுகிறார்.

இதே அறிவுரையை எனக்கும் ஒருவர் சொன்னார். நான் கேட்டேன். அந்தக் கதையைச் சொல்கிறேன்.

நான் படிப்பை முடித்தது 2012-இல். கல்யாணமாகி 2014-இல், கணவரைச் சார்ந்த எச்-4 விசாவில் இங்கே வந்தேன். அந்த விசாவில் எனக்கு வேலை பார்க்க அனுமதி கிடையாது, படிக்கலாம், அவ்வளவுதான். அந்தச் சான்றிதழுக்கான தேர்வுகளில் ஸ்டெப் 1 முடித்தேன், அப்போது இருந்த ஸ்டெப் 2 சிஎஸ் தேர்வையும் முடித்தேன். ஸ்டெப் 2 சிகே எழுதியபோது எனக்கு 32 வாரம். ஒன்பது மணி நேரத் தேர்வு, எட்டுப் பகுதி, மொத்த நாளுக்கும் 45 நிமிட இடைவேளை. வயிற்றுக்குள் பிள்ளை உதைத்துக்கொண்டிருக்கிற நிலையில் சிறுநீர் கழிக்க எத்தனை முறை எழ வேண்டியிருக்கும் என்று பெற்றவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு முறை வெளியே போய் வரும்போதும் பாக்கெட்டைத் திருப்பிக் காட்ட வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும், திரும்பப் பரிசோதனை, அத்தனையும் அந்த 45 நிமிடத்தில்தான் கழியும். கடைசி இரண்டு பகுதிகளைக் காலை அகட்டி வைத்துக்கொண்டு பல்லைக் கடித்தபடி எழுதினேன். நல்ல மதிப்பெண்தான் வந்தது.

ஆக 2016 செப்டம்பரில் என் கையில் எல்லாமே இருந்தது. தேர்வுகள் முடிந்திருந்தன, கடிதங்கள் இருந்தன, படிப்பு முடித்து நாலே வருடம். அக்டோபர் கடைசியில் பிரசவ தேதி. "இந்த வருஷம் வேண்டாம்மா, குழந்தையைப் பெத்து நிம்மதியா அடுத்த வருஷம் போடு" என்று நான் மிகவும் மதித்த ஒரு சீனியர் சொன்னார். வீட்டிலும் அதையே சொன்னார்கள். நானும் சரி என்று விட்டேன்.

அடுத்த வருடம் எனக்கு ஐந்து வருடம் ஆகியிருந்தது. அதே மதிப்பெண், அதே கடிதங்கள், அதே நான். இரண்டே இரண்டு இன்டர்வியூ. ஒன்றில், "கடந்த ஒரு வருடமாக என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார்கள். குழந்தை வளர்த்தேன் என்றேன். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த தாளைத் திருப்பினார். 2018 மார்ச், மேட்ச் வாரத்துத் திங்கட்கிழமை, இடம் கிடைக்கவில்லை என்று மின்னஞ்சல் வந்தது. மடியில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள், அவள் எழுந்துவிடக் கூடாதே என்று சத்தம் வராமல் அழுதேன். 2019-இல்தான் கிடைத்தது. அந்த ஒரு வருட 'நிம்மதி'க்கு நான் கொடுத்த விலை இது.

இப்போது சிலர் வருவார்கள், "2016-இல் இன்டர்வியூவுக்கு விமானத்தில் ஊர் ஊராகப் போக வேண்டும், பச்சைக் குழந்தையை வைத்துக்கொண்டு எப்படிப் போயிருப்பாய்?" என்று. டிசம்பரில் போயிருப்பேன். ஜனவரியில் போயிருப்பேன். பத்து இடம் போக முடியாவிட்டால் நாலு இடம் போயிருப்பேன். முடியுமா முடியாதா என்று நான் பார்த்து முடிவு செய்திருப்பேன். இப்போதோ 2020-க்குப் பிறகு பெரும்பாலான இன்டர்வியூ கணினி முன்னால் உட்கார்ந்தபடியே நடக்கிறது, அந்தச் சாக்கும் இல்லை.

"உடம்பு முக்கியம் இல்லையா?" முக்கியம்தான். என் தோழிக்கு 30 வாரத்தில் ரத்த அழுத்தம் ஏறி ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டி வந்தது, அவள் அந்த வருடத்தை விட்டாள், விட்டது சரிதான். அதைச் சொன்னது அவளுடைய மகப்பேறு மருத்துவர், அவளைப் பரிசோதித்துப் பார்த்துச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் இருந்தவர் அந்தப் பெண்ணுடைய ரத்த அழுத்தத்தையா பார்த்தார்? அவள் கேட்டதும் உடம்பைப் பற்றி இல்லை. அவளும் டாக்டர். தன் கர்ப்பத்தை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அவள் யாரிடமும் கேட்கவில்லை.

"கூட வேலை பார்க்கிறவர்கள் மேல் பாரம் விழுமே?" இதைத்தான் அதிகம் பேர் சொல்கிறீர்கள், பெண்களே சொல்கிறீர்கள். என் ப்ரோகிராமில் ஒருவருக்குக் கால் எலும்பு முறிந்து இரண்டு மாதம் வரவில்லை. அவருடைய இரவுப் பணிகளை நாங்கள் பிரித்துக்கொண்டோம், நான் மட்டும் நாலு இரவு பார்த்தேன். பனியில் சறுக்கி விளையாடப் போய்த்தான் விழுந்தார். ரெசிடென்சி நேரத்தில் இது தேவையா என்று ஒருவரும் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. பாரம் என்ற சொல் எங்கள் வயிற்றைப் பார்க்கும்போது மட்டும் எப்படி வாயில் வருகிறது?

இன்னொன்று, இதைச் சொல்லாமல் விட முடியாது. அதே கூட்டத்தில் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டபோது அவர் என்ன சொன்னார், ஞாபகம் இருக்கிறதா? இன்டர்ன் வருடத்தில் முதல் பிள்ளை, மூன்றாம் வருடத்தில் இரண்டாவது பிள்ளை, "வைஃப்தான் எல்லாத்தையும் பாத்துக்கிட்டாங்க" என்றார். கைதட்டினார்கள். நானும் கைதட்டினேன். இரண்டு பிள்ளைகளோடு ரெசிடென்சி முடித்தது அவருடைய உழைப்புக்குச் சான்று. ஆனால் ஒரு பெண் வயிற்றில் பிள்ளையோடு விண்ணப்பம் போட நினைத்தால் மட்டும் அது பக்குவக் குறைவு. அந்த 'வைஃப்' என்ன படித்திருந்தார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

"நாங்க எல்லாம் அந்தக் காலத்துல அப்படித்தான் தள்ளிப்போட்டோம், இப்ப நல்லா இல்லையா?" என்று எழுதியிருந்த அக்காவுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் நன்றாக இருப்பது எனக்கும் சந்தோஷம். அதே வருடங்களில் தள்ளிப்போட்டு, பிறகு நுழையவே முடியாமல் போனவர்கள் இந்தக் கூட்டங்களுக்கு வருவதில்லை, அக்கா. என்னோடு சேர்ந்து படித்தவர்களில் இரண்டு பேர் அப்படி இருக்கிறார்கள். ஒருத்தி இன்றைக்கும் மருத்துவம் பற்றிப் பேச்சு எடுத்தால் போனை வைத்துவிடுகிறாள்.

எதிர்த்து நின்றவர்களும் இருக்கிறார்கள். சோஃபி கரியர் என்று ஹார்வர்டில் படித்த ஒரு பெண், 2007-இல் கைக்குழந்தைக்குத் தாய்ப்பால் எடுத்து வைக்கத் தேர்வில் கூடுதல் இடைவேளை கேட்டார். தேர்வு வாரியம் மறுத்தது. வழக்குப் போட்டார். முதலில் தோற்றார், மேல்முறையீட்டில் ஒரு நாளைக்கு 60 நிமிடம் கூடுதலாகக் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. 2012-இல் மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றமும் அவர் வழக்கில் நியாயம் இருப்பதாகச் சொன்னது. ஒரு மணி நேரத்துக்கு ஐந்து வருடம்! அவர் அமெரிக்கர், ஹார்வர்ட் பட்டம், பின்னால் வழக்கறிஞர்கள். விசா காகிதத்தைத் தினமும் எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிற நம்மால் வழக்கா போட முடியும்?

விசா என்று சொன்னதும் நெஞ்சு அடைக்கிறது. நான் ஜே-1 எனும் பயிற்சி விசாவில் ரெசிடென்சி செய்தேன். இரண்டாவது பிள்ளையாக மகன் 2021 பிப்ரவரியில் பிறந்தான். சட்டப்படி 12 வாரம் சம்பளமில்லாத விடுப்பு எடுத்திருக்கலாம். ஆனால் அத்தனை நாள் எடுத்தால் பயிற்சி நீளும், நீண்டால் விசாவுக்குப் பொறுப்பான ஸ்பான்சர் அமைப்பிடம் நீட்டிப்புக்குப் போக வேண்டும், ஜூலையில் தொடங்க வேண்டிய அடுத்த வேலை என்னாகும் என்று தெரியாது. அதனால் ஆண்டு விடுப்பு, நோய் விடுப்பு எல்லாவற்றையும் கூட்டிச் சேர்த்து ஐந்து வாரம். தையல் இழுக்க இழுக்க வார்டில் நின்றேன். பால் எடுக்கச் சாமான் அறைதான், கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, ஒரு காலால் கதவை அடைத்துக்கொண்டு உட்கார்வேன். பயிற்சி முடிந்தால் ஜே-1 காரர்கள் இரண்டு வருடம் சொந்த நாட்டுக்குத் திரும்ப வேண்டும், இல்லையென்றால் மருத்துவர் பற்றாக்குறையான பகுதியில் மூன்று வருடம் வேலை பார்த்து விலக்கு வாங்க வேண்டும், மாநிலத்துக்கு வருடத்துக்கு 30 இடம். நான் வாங்கினேன். கணவர் வேலை ஒரு நகரத்தில், நான் நாலு மணி நேரம் தள்ளி ஒரு சின்ன ஊரில். மகளுக்குப் பள்ளிக்கூடம் என்பதால் அவள் அப்பாவோடு இருந்தாள், மகன் என்னோடு. மூன்று வருடம் அவளுக்கு நான் சனி ஞாயிறு அம்மா. 2025 கோடையில்தான் ஒரே வீட்டுக்கு வந்தோம். வந்த முதல் இரவு தூங்கப் போகும்போது, "நாளைக்கும் இங்கதான் இருப்பியா?" என்று கேட்டாள்.

நான் 2016-லேயே விண்ணப்பம் போட்டு அந்த மார்ச்சில் இடம் கிடைத்திருந்தால் இதெல்லாம் இரண்டு வருடம் முன்னதாகவே முடிந்திருக்கும். கிடைத்திருக்குமா என்று கேட்பீர்கள். தெரியாது. 2025 மேட்சில்கூட அமெரிக்கக் குடியுரிமை இல்லாத வெளிநாட்டுப் பட்டதாரிகளில் 58 சதவீதம் பேருக்குத்தான் இடம் கிடைத்தது, இங்கேயே அடிப்படை மருத்துவப் பட்டமான எம்டி படித்த இறுதியாண்டு மாணவர்களுக்கு 93 சதவீதத்துக்கும் மேல். ஐம்பத்தெட்டு சதவீத வாய்ப்பிலேயே நிற்கிற பெண்ணிடம் போய் இன்னொரு வருடம் உட்கார்ந்திரு என்று சொல்வது எவ்வளவு பெரிய விஷயம் என்று அதைச் சொன்னவருக்கும் தெரியவில்லை, சிரித்தவர்களுக்கும் தெரியவில்லை.

கடைசியில் அவள் கேட்ட கேள்விக்கு யாருமே பதில் சொல்லவில்லை. இவ்வளவு சண்டை நடக்கிறது, இன்னும் ஒருவரும் சொல்லவில்லை. இன்டர்வியூவில் கர்ப்பத்தைச் சொல்ல வேண்டுமா, ஜூலையில் சேர்ந்தால் விடுப்பு உண்டா என்றுதான் அவள் கேட்டாள்.

தங்கச்சி, நீ சொல்ல வேண்டிய கட்டாயம் கிடையாது. குடும்பம், பிள்ளை பற்றி அவர்கள் கேட்பதும் முறையில்லை, மேட்ச் விதிகளிலேயே அது இருக்கிறது. சொன்னால் மனசுக்கு லேசாக இருக்கும் என்று தோன்றினால் சொல், அது உன் இஷ்டம். தேதி கிடைத்தால் இன்டர்வியூக்களைப் பிரசவத்துக்கு நாலைந்து வாரம் முன்பே முடிகிற மாதிரி வாங்கிக்கொள். விடுப்பு விதிகள் என்ன என்பதை இன்டர்வியூவுக்கு அழைத்தவர்களுக்கு அவர்களே தெரியப்படுத்த வேண்டும், கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று பயப்படாதே. சட்டப்படியான அந்த 12 வாரம் ஒரு வருடம் வேலை பார்த்த பிறகுதான் வரும், அதை நம்பித் திட்டம் போடாதே. ஆனால் 2022 ஜூலையிலிருந்து ரெசிடென்சிக்குள் ஒரு முறையாவது ஆறு வாரம் முழுச் சம்பளத்தோடு விடுப்பு கொடுத்தாக வேண்டும், சேர்ந்த முதல் நாளிலிருந்தே அது உனக்கு உண்டு. எனக்கு அது இல்லை, உனக்கு இருக்கிறது. ஜே-1 என்றால் விடுப்பு எடுக்கும் முன் ஸ்பான்சருக்கு ப்ரோகிராம் மூலமாகத் தெரிவிக்க வேண்டும், அந்தக் கடிதம் எப்படி எழுதுவது என்று நான் காட்டுகிறேன்.

செப்டம்பரை விட்டுவிடாதே. விண்ணப்பத்துக்கு நீ எழுதும் பர்சனல் ஸ்டேட்மென்ட்டை எனக்கு அனுப்பு. இந்த வாரம் முழுக்க எனக்கு இரவுப் பணி, காலை எட்டு மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடு.