முழுக் கச்சேரிக்குக் காசு தருகிறேன், துண்டுகளைத் தராதீர்கள்

விருப்பமான பாட்டுக்கு மட்டும் பணம் கொடுத்தால் போதும், வேண்டாத பாட்டுகளுக்கு ஏன் வீண் செலவு என்ற பேச்சை இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டுவருகிறோம். கேட்கும்போது நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் அந்த நியாயத்தின் பெயரால் கொழும்பில் இசை கேட்கும் தமிழரிடமிருந்து எவ்வளவு பறிபோயிருக்கிறது என்பதை எவரும் கணக்கெடுப்பதில்லை. ஓர் இசைத்தொகுப்பை இறுவட்டாக, அதாவது சிடியாக, காசு கொடுத்து வாங்கி, வீட்டுக்குக் கொண்டுவந்து, முதலிலிருந்து கடைசிவரை ஒரே இருப்பில் கேட்டு, பிறகு நமது சொத்தாக அலுமாரியில் வைத்துக்கொள்ளும் மிகச் சாதாரணமான வசதி இன்று நமக்கு இல்லாமற் போய்விட்டது. இதில் எனக்கு இருப்பது வருத்தமல்ல, கோபம்.

அண்மையில் கர்நாடக இசைக் கச்சேரி ஒன்றின் பதிவை வாங்குவதற்காக இணையக் கடையொன்றுக்குள் போனேன். வர்ணத்துக்கு ஒரு விலை, ஒவ்வொரு கீர்த்தனைக்கும் ஒரு விலை என்று பட்டியல் நீண்டது. கச்சேரியின் உயிரான ராகம் தானம் பல்லவியை, அதாவது ராகத்தைச் சொற்களின்றி விரிக்கும் ஆலாபனை, அதை லயத்தோடு நடத்தும் தானம், ஒரே வரியைத் தாளத்தோடு பலவாறு பாடும் பல்லவி என்ற மூன்றும் சேர்ந்த ஒரே உருப்படியை, மூன்றாக அறுத்து, ஆலாபனைக்குத் தனி விலையும் தானத்துக்குத் தனி விலையும் போட்டிருந்தார்கள். அவ்விரண்டுக்கும் பணத்தைச் செலுத்தித் தரவிறக்கிய பின்னர்தான், பல்லவி நீளமானது என்பதால் அதைத் தனியாக விற்பதில்லை, முழுத் தொகுப்போடு சேர்த்தே வாங்க வேண்டும் என்ற அறிவிப்பு கண்ணில் பட்டது. சரி, முழுத் தொகுப்பையே வாங்கிக்கொள்கிறேன் என்று அதை அழுத்தினால், முழுத் தொகுப்பு உங்கள் நாட்டில் விற்பனைக்கு இல்லை என்று பதில் வருகிறது. ஆலாபனை விற்கலாம், தானம் விற்கலாம், அவை எதற்காகப் பாடப்பட்டனவோ அந்தப் பல்லவியை மட்டும் இலங்கையிலிருப்பவனுக்கு விற்கக்கூடாது! வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். உரிமையாளரின் முடிவு என்று ஒரே வரியில் பதில் அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். செலுத்திய பணமும் திரும்பவில்லை.

பல்லவி இல்லாத ஆலாபனையை வைத்துக்கொண்டு ஒருவர் என்ன செய்வது? இன்று மேடைகளில் நாம் கேட்கும் கச்சேரி ஒழுங்கு, அதாவது வர்ணத்தில் தொடங்கி, கீர்த்தனைகளால் சூடேறி, நடுவே விரிவான உருப்படியும் தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனியாவர்த்தனமும் வந்து, துக்கடாக்கள் என்ற சிறு பாடல்களோடு இறங்கி மங்களத்தில் முடியும் அந்த வடிவம், பெரிதும் பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் நிலைநிறுத்தியது. ஒரு ராகத்துக்குப் பின் எந்த ராகம் வரவேண்டும், மெதுவான விளம்ப நடைக்குப் பின் எப்போது வேகம் பிடிக்கவேண்டும் என்பதைப் பாடுபவர் தமது அனுபவத்தால் தீர்மானிக்கிறார். இறுவட்டிலும் ஒவ்வோர் உருப்படிக்கும் எண் இருந்தது உண்மைதான். ஆனால் அந்த எண் வேண்டிய இடத்தைத் தேடிப் பிடிப்பதற்கு உதவியதே தவிர, இசையை அறுக்கவில்லை. ஆலாபனை முடியும் இடத்தில் வயலின் வாங்கிக்கொள்ளும்போது ஒலி இடையறாமல் ஓடியது. இப்போது தனித்தனிக் கோப்புகளாக வாங்கியவற்றைக் கைத்தொலைபேசியில் வரிசையாக ஒலிக்கவிட்டால், சுருதி தொடர்ந்து ஒலிக்கவேண்டிய இடத்தில் ஒரு வெட்டு விழுகிறது. தம்புரா அறுந்து மறுபடி தொடங்குகிறது. காது உள்ள எவராலும் அதைத் தாங்க முடியாது.

இதையெல்லாம் முன்னேற்றம் என்று சொல்வதுதான் என்னை மேலும் கொதிக்க வைக்கிறது. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடங்களுக்குச் சற்றுக் கூடுதலாக மட்டுமே பதியக்கூடிய பழைய இசைத்தட்டுகளின் காலத்தில், பெரும் வித்துவான்கள்கூடத் தமது ஆலாபனையைச் சுருக்கி, ஒரே வரியைப் பலவிதமாக விரித்துப் பாடும் நிரவலைக் கைவிட்டு, நேரத்துக்குள் அடங்கப் பாடவேண்டியிருந்தது. 1948இல் நீள இசைத்தட்டு வந்த பிறகுதான் ஒரு பக்கத்தில் இருபது நிமிடங்களுக்கு மேல் மூச்சுவிட்டுப் பாட இடம் கிடைத்தது. 1982இல் சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து உருவாக்கிய இறுவட்டு யப்பானில் விற்பனைக்கு வந்தபோது, தட்டைத் திருப்பாமலே 74 நிமிடங்கள் தொடர்ந்து கேட்க முடிந்தது. அரைநூற்றாண்டு முயற்சியில் கலைஞருக்குக் கிடைத்த அந்த நீளத்தை, விற்பனை வசதிக்காக மறுபடியும் மூன்று, நான்கு நிமிடத் துண்டுகளாக்கிவிட்டு, அதற்குச் சுதந்திரம் என்று பெயர் வைக்கிறார்கள்.

ஒலியின் தரத்திலும் இதே கதைதான். இறுவட்டில் ஒரு வினாடி இசைக்கு ஏறத்தாழ 1,411 கிலோபிட் தரவு இருக்கிறது. 2003 ஏப்ரலில் அப்பிள் நிறுவனம் அமெரிக்காவில் ஐடியூன்ஸ் கடையைத் திறந்து, பாட்டொன்று 99 சதம் என்று விற்கத் தொடங்கியபோது கொடுத்தது 128 கிலோபிட். எந்தெந்தக் கணினியில் கேட்கலாம் என்று கட்டுப்படுத்தும் பூட்டும் அதனோடு சேர்ந்தே வந்தது. 2009இல் பூட்டைக் கழற்றித் தரத்தை 256 ஆக உயர்த்தினார்கள் என்பதை மறுக்கவில்லை. அப்போதும் இறுவட்டில் உள்ளதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. சுருக்கும் முறை நுட்பமானது, சாதாரணக் காதுக்கு வித்தியாசம் தெரியாது என்பார்கள். தெரிகிறதோ இல்லையோ, முழு விலையைப் பெற்றுக்கொள்ளும் கடைக்காரர் முழுப் பொருளைத் தரவேண்டும். இறுவட்டை வாங்கியவர் தமது கணினியில் அதை எவ்வளவு தேவையோ அவ்வளவு சுருக்கிக்கொள்ளலாம். சுருக்கியதை வாங்கியவரால் அதை ஒருபோதும் விரிக்க முடியாது.

விலையைப் பற்றிப் பேசினால் வயிறு எரிகிறது. இந்தக் கடைகள் டொலரில் கணக்குப் போடுகின்றன. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360 ரூபாயைத் தொட்டது. பாட்டொன்று ஏறத்தாழ ஒரு டொலர் என்று வைத்துக்கொண்டால், 200 ரூபாய்க்குக் கிடைத்த அதே பாட்டு, பாடியவருக்கோ எழுதியவருக்கோ ஒரு சதமும் கூடாமல், நமக்கு 350 ரூபாய்க்கு மேலாகிவிட்டது. இன்று டொலர் 300 ரூபாய் அளவில் இருக்கும்போதுகூடப் பத்துப் பாட்டு வாங்கினால் 3,000 ரூபாய் போய்விடும். அதற்கு மேல் வெளிநாட்டு நாணயக் கொடுப்பனவுக்கென்று வங்கி தன் பங்கையும் கடனட்டையில் ஏற்றிவிடுகிறது. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தவரிடம் சோற்றுக்கு வேறாக, சாம்பாருக்கு வேறாக, அப்பளத்துக்கு வேறாகக் காசு கேட்பதற்கும் இதற்கும் எனக்கு வேறுபாடு தெரியவில்லை. வெள்ளவத்தையில் காலி வீதிக் கடைகளில் இறுவட்டு வாங்கிய காலத்தில் விலை அட்டையில் ஒட்டியிருந்தது. கையிலிருக்கும் ரூபாயைக் கொடுத்தோம், பொருளை எடுத்தோம்.

இவ்வளவும் கொடுத்து வாங்கினாலாவது அது நம்முடையதா? இல்லை. நமக்குத் தரப்படுவது கேட்பதற்கான அனுமதி மட்டுமே. கலிபோர்னியா மாநிலத்தில் 2025 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், இத்தகைய எண்ம (டிஜிட்டல்) பொருளை விற்பவர்கள் வாங்குபவருக்குக் கிடைப்பது வெறும் உரிமம்தான் என்பதை வெளிப்படையாகச் சொல்லவேண்டும் என்று கட்டாயப்படுத்துகிறது. சட்டம் போட்டுச் சொல்லவைக்கும் அளவுக்கு அந்த உண்மை மறைந்து கிடந்தது. 2008இல் யாகூ தனது இசைக் கடையை மூடியபோது, பூட்டுப் போட்ட பாடல்களைப் புதிய கணினிக்கு மாற்றும் வழியும் அதனோடு அடைபட்டது. காசு கொடுத்து வாங்கிய எண்மப் பாடல்களைப் பழைய புத்தகம் போல மறுவிற்பனை செய்ய உதவிய ரீடிஜி என்ற நிறுவனத்துக்கு எதிராக 2018இல் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விற்கவும் முடியாது. இரவல் கொடுக்கவும் முடியாது. இறந்துபோன என் மாமாவின் அலுமாரியில் இருந்த இறுவட்டுகளை மாமி ஒரு பெட்டியில் போட்டு என்னிடம் தந்தார். அவற்றின் உறைகளில் மாமா எழுதிய குறிப்புகளும் இருக்கின்றன. என் கணக்கில் இருக்கும் பாடல்களை நான் யாரிடம், எந்தப் பெட்டியில் போட்டுக் கொடுப்பது?

அந்த உறைகளுக்குள் இருந்த சிறுநூல்களை நினைத்தால் கோபம் இன்னும் கூடுகிறது. வயலின் யார், மிருதங்கம் யார், கடம் யார், தம்புராவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் யார், எந்த மண்டபத்தில் எந்த ஆண்டு பதிந்தார்கள், ஒலிப்பதிவு செய்தவர் யார், சாகித்தியம் யாருடையது, ராகமும் தாளமும் என்ன என்று அத்தனையும் அதில் இருந்தன. நான் அறிந்த பக்கவாத்தியக் கலைஞர்களில் பாதிப்பேரின் பெயரை அந்தச் சிறுநூல்களில்தான் முதலில் படித்தேன். பாட்டைத் தனியாக வாங்கினால் பாடியவரின் பெயர் ஒன்று மட்டும் வருகிறது. அதுவும் ஆங்கில எழுத்தில், ஒரே கலைஞருக்கு மூன்று விதமான எழுத்துக்கூட்டலில் வருகிறது. தமிழில் தட்டிப் பார்த்தால் பெரும்பாலும் எதுவும் கிடைப்பதில்லை. ஒரு மணி நேரம் கைவிரல் நோக வாசித்த மிருதங்க வித்துவானின் பெயரைப் போடாமல் அவருடைய தனியாவர்த்தனத்துக்குத் தனியாக விலை போட்டு விற்கிறார்கள் என்றால், அதை எந்த வார்த்தையால் சொல்வது?

நமது ஊர்க் கலைஞர்கள் இழந்தது இன்னும் அதிகம். கொழும்புத் தமிழ்ச் சங்க மண்டபத்திலோ பம்பலப்பிட்டி சரஸ்வதி மண்டபத்திலோ நடந்த இறுவட்டு வெளியீட்டு விழாக்களுக்குப் போனவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். ஒரு கோயிலின் மீது பாடப்பட்ட பக்திப் பாடல்களோ, உள்ளூர்க் கவிஞர் ஒருவரின் மெல்லிசைப் பாடல்களோ ஒரு தொகுப்பாகும். வர்த்தகப் பிரமுகர் ஒருவர் மேடையேறி முதற் பிரதியைப் பெற்றுக்கொள்வார். அவரைத் தொடர்ந்து சிறப்புப் பிரதி பெறுபவர்கள் வரிசையாக வருவார்கள், உறையில் வைத்துக் கொடுக்கும் பணம் அவரவர் வசதிக்கும் மனத்துக்கும் ஏற்றதாக இருக்கும். வாசலில் போட்ட மேசையில் மற்றவர்கள் ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டு போவார்கள். ஒலிப்பதிவுக் கலையக வாடகை, வாத்தியக் கலைஞர்களின் சம்பளம், அச்சுச் செலவு எல்லாவற்றையும் அந்த ஒரு மாலைப் பொழுதிலேயே திரும்ப எடுக்க முடிந்தவர்கள் இருந்தார்கள். பெரிய இசை நிறுவனம் எதுவும் திரும்பிப் பார்க்காத ஈழத்து இசைக்குச் சமூகம் தானாகவே அமைத்துக் கொடுத்த பொருளாதாரம் அது. இன்று பாட்டு இணையத்தில் ஏறிவிட்டது, இணைப்பை அனுப்புகிறேன் என்கிறார்கள். முதற் பிரதியாக எதை நீட்டுவது? ஒரு பாட்டை விற்று வரும் தொகையில், அதுவும் கடைக்காரரும் இடைத்தரகரும் எடுத்த மிச்சத்தில், ஒரு தபேலாக் கலைஞருக்கு முச்சக்கர வண்டிக் காசாவது கொடுக்க முடியுமா?

ஒரு நல்ல பாட்டுக்காக ஐந்து மோசமான பாட்டுகளையும் சேர்த்து வாங்கவேண்டியிருந்ததே என்று திரைப்படப் பாடல்களைக் காட்டி வாதாடுபவர்களுக்கு நான் மறுப்புச் சொல்லப்போவதில்லை. அது நடந்தது. தனிப் பாட்டு வேண்டும் என்பவருக்குத் தனிப் பாட்டை விற்கட்டும், அதில் எனக்கு ஆட்சேபம் எதுவுமில்லை. புறக்கோட்டை நடைபாதையில் நூற்றுக்கு மேற்பட்ட பாடல்களை ஒரே தட்டில் திணித்து விற்ற களவுப் பதிப்புகள்தான் நேர்மையான இறுவட்டுக் கடைகளின் கழுத்தை முதலில் நெரித்தன என்பதும் எனக்குத் தெரியும். அவற்றை மலிவு என்று வாங்கியவர்களுக்கும் அந்தப் பழியில் பங்கு உண்டு. ஆனால் ஒரு வழியைத் திறப்பதற்காக மற்ற வழியை ஏன் அடைக்கவேண்டும்? யப்பானில் இன்றும் இறுவட்டுகள் கடைகளில் குவிந்து கிடக்கின்றன, மக்கள் வாங்குகிறார்கள். அங்கிருந்து இங்கே இறங்கிய பழைய வாகனங்களில் இறுவட்டுப் போடும் துளைகூட இருக்கிறது, போடுவதற்குத்தான் தமிழ் இறுவட்டு இல்லை. மாதச் சந்தா கட்டினால் எல்லாவற்றையும் கேட்கலாம் என்பவர்களிடம் கேட்கிறேன்: சந்தா நின்ற மறுநாள் உங்களிடம் மிஞ்சுவது என்ன? 2022 மார்ச்சில் ஒரு நாளில் 13 மணி நேரம் மின்சாரம் இல்லாமல் இருந்தபோது, தொலைபேசிச் சமிக்ஞையும் விட்டு விட்டு வந்த அந்த நாட்களில், பற்றரி போட்ட பழைய இறுவட்டுக் கருவி என் வீட்டில் எவருடைய அனுமதியும் கேட்காமல் பாடியது.

விற்பவர்களிடம் நான் கேட்பது மிகையானதல்ல. தொகுப்பை முழுமையாக, சுருக்காத தரத்தில், தமிழில் எழுதிய சிறுநூலோடு, ரூபாயில் விலை சொல்லி, இலங்கைக்கும் விற்கவேண்டும். துண்டாக விற்பதை எந்த நாட்டில் விற்கிறீர்களோ அந்த நாட்டில் முழுமையையும் விற்கவேண்டும், முடியாவிட்டால் துண்டுக்கு வாங்கிய பணத்தைத் திருப்பித் தரவேண்டும். உள்ளூரில் பாடல் தொகுப்பு வெளியிடுபவர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. இணையத்தில் ஏற்றுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் நூறு பிரதியாவது இறுவட்டாக அடியுங்கள், வாசித்தவர்கள் அனைவரின் பெயரையும் உள்ளே போடுங்கள். அடிப்பதற்குச் செலவு அதிகம் என்றால் விலையை அதற்கேற்றபடி கூட்டுங்கள். விழா மண்டபத்து வாசலில் மேசை போட்டிருந்தால் அந்த விலையைக் கொடுத்து வாங்க நான் வருவேன், என்னைப் போன்றவர்களையும் அழைத்துவருவேன்.